பின்னணி சொல்ல வந்தவர்

நாடகம் பார்க்கப் போன எல்லோருக்கும் இவரைத் தெரியும். திரைக்கு முன்னால் மைக்கோடு நிற்பார். திரை திறக்காததற்குக் காரணம் அவர்தான். நடிகர் இல்லை, நாடகம் எழுதியவர் இல்லை, ஹாலுக்கு வாடகை கொடுத்தவரும் இல்லை. பின்னணி சொல்ல வந்தவர். "ரெண்டே நிமிஷம்" என்று தொடங்குவார். நீங்கள் நம்புவீர்கள். ஒவ்வொரு முறையும் நம்புகிறீர்களே, அதனால்தான் இந்த இனம் இன்னும் அழியவில்லை.

எந்த விஷயத்தையும் அது இருக்கும் இடத்திலிருந்து இவருக்குச் சொல்ல வராது. சிவாஜிநகருக்கு எந்த பஸ் என்று கேளுங்கள். வெள்ளைக்காரன் கண்டோன்மென்ட்டை ஏன் கட்டினான் என்று ஆரம்பிப்பார், பஸ் போய்விடும். சாவு வீட்டில், இருதயம் எப்படி வேலை செய்கிறது என்று புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு விளக்குவார். கெட்டவரா? இல்லையே. அதுதான் கஷ்டம்.

விவேக் நகரில் எங்களுக்கு வாய்த்தவர் ஞானசேகரன் சார், கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். தொண்ணூற்றேழில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். நானூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலியில் நடக்கிற கதை. ஒரு வியாபாரிக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குச் சீதனம் கொடுத்ததில் பெட்டி காலி. இளையவளைக் கன்னியர் மடத்துக்கு அனுப்ப முடிவு செய்கிறார்கள், அவளைக் கேட்கவில்லை. அவள் அப்பாவை எதிர்த்துப் பேசுகிறாள், கடைசியில் நஞ்சு குடிக்கிறாள்.

இளையவளாக நடித்தவள் டோரதி. அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். மேடை ஏறுகிற வேலையெல்லாம் இதோடு சரி என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாயிற்று. அப்பாவிடம் பேசும் அந்த நீளமான வசனத்தை அவள் பாத்திரம் தேய்க்கும்போதும் துணி அலசும்போதும் சொல்லிச் சொல்லி, குழாயடியில் தண்ணீருக்கு நின்ற எங்கள் எல்லோருக்குமே மனப்பாடம். மேடையில் அதை ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஹால் எட்டு மணி வரைதான் எங்களுக்கு; பிறகு ஒரு ரிசப்ஷன். ஆறரைக்கு சார் மைக்கைப் பிடித்தார்.

"ரெண்டே நிமிஷம். பின்னணி தெரியலைன்னா நாடகம் புரியாது."

கப்பல் வந்தது, கப்பலில் மிளகு வந்தது, மிளகால் பணம் வந்தது, பணத்தால் பிரபுக்கள் வந்தார்கள், பிரபுக்களால் ஓவியர்கள் பிழைத்தார்கள், ஓவியர்களால் கோயில் கூரையெல்லாம் நிறைந்தது, நடுவில் கொள்ளைநோய் வந்து பாதி ஊரைக் கொண்டுபோனது. சாரைக் கொண்டுபோகவில்லை.

"அந்தக் காலத்துல, அந்த நாட்டுல, பொண்ணைக் கட்டிக் குடுக்கணும்னா பொண்ணு வீட்டுக்காரங்க பணம் குடுக்கணும். உங்களுக்கு நம்பக் கஷ்டமா இருக்கும்."

முன்வரிசையில் மௌரீன் அக்கா. மூன்று பெண்களைப் பெற்றவர்.

"ரொம்பக் கஷ்டம் சார்," என்றார்.

சாருக்குப் பெருமை தாங்கவில்லை. "பொண்ணோட இஷ்டத்தைக் கேக்கவே மாட்டாங்கம்மா. இருண்ட சமுதாயம்."

திரைக்குப் பின்னால், பழைய வெல்வெட் திரையை வெட்டித் தைத்த கவுனில் நின்றிருந்த டோரதி, வேஷம் கட்ட உதவிக்கொண்டிருந்த என் காதருகே குனிந்தாள். "அங்கிளுக்கு என் கல்யாணப் பத்திரிகை குடுத்தாச்சாக்கா?"

அப்பாவாக வேஷம் கட்டியிருந்த அவள் அண்ணன் லாயிட், "பேசாம நில்லுடி, பவுடர் கரையுது," என்றான். பிறகு திரை இடுக்கில் தலையை நீட்டினான். "சார், டைம்."

"வந்துட்டேன்பா. கன்னியர் மடத்துக்கிட்ட வந்துட்டேன்."

ஹாலைப் பார்த்துக்கொள்ளும் உத்தமன் நாற்காலிகளோடு உள்ளே வந்து, "சார், ரிசப்ஷன் மாப்பிள்ளை கார்ல ஏறியாச்சாம்," என்று சொன்ன பிறகுதான், இந்தப் பின்னணியோடு நாடகத்தைப் பாருங்கள் என்று சார் இறங்கினார்.

ஒரு காட்சிக்குத்தான் நேரம் இருந்தது. கடைசிக் காட்சியைப் போட்டார்கள். டோரதி வந்தாள், கிண்ணத்தை எடுத்தாள், குடித்தாள், விழுந்தாள். அந்தக் காட்சியில் அவளுக்கு வசனம் கிடையாது. மற்றவர்கள் அவளைப் பற்றிப் பேசினார்கள். அவள் செத்துக் கிடக்கும்போதே, தலைக்கு மேலே யாரோ ஒரு மணமக்களின் பெயரைத் தெர்மாகோல் எழுத்தில் குத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

திரை விழுந்ததும் சார் மேடைக்கே வந்தார். "பாத்தியாம்மா, பின்னணி சொன்னதால எல்லாருக்கும் எவ்ளோ நல்லாப் புரிஞ்சுது."

டோரதி எழுந்து கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "ஆமா அங்கிள். நான் பேச வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு."

"அதேதாம்மா," என்றார் சார், மனம் நிறைந்து.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் யாரோ ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இரு, முதல்ல நான் சொல்லி முடிச்சிடறேன்" என்றீர்கள். முடித்தீர்களா? அவள் என்ன சொல்ல வந்தாள் என்று ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் மெதுவாகக் குனிந்து உங்கள் கையைப் பாருங்கள். மைக் அங்கேதான் இருக்கும்.