வரவேற்பறைக் கதவோடு ஷிஹாதா பொருத சருக்கம்

வாழ்க ஷிஹாதா! செங்கல் சுமந்த திண்தோளன், சிமெண்டு குழைத்த செங்கையன், மன்சூரா நகர்ப்புறத்தே வாய்க்கால் பாயும் கருங்களி நிலத்தில் ஈரடுக்கு மாளிகை எழுப்பி, “என் வீடு ஒரு நூல்கூட அசையாது!” என்று தேநீர்க்கடைதோறும் பறையறைந்த பெருவாயன், கணக்கு வாத்தியார், நஜ்லா என்னும் நன்மகளைப் பெற்றவன், வாழ்க! நைல் கொணர்ந்து கொட்டிய களிமண்ணே, நீயும் வாழ்க! கோடையில் சுருங்கி, நீர் பாய்ச்சும் பருவத்தில் உப்பி, உன் தலைமேல் ஏறிய புதுவீடுகளை ஓசையின்றி உள்வாங்கும் கள்ளியே, இந்தக் கதை முடியுமட்டும் கொஞ்சம் ஆடாமல் இரு, தாயே.

அம்மாளிகையின் கருவூலம் வரவேற்பறை. பொன்முலாம் பூசிய நாற்காலிகள் பிளாஸ்டிக் உறை களையாமல் கொலுவிருக்க, தொங்குவிளக்குப் பளிங்குக் கண்ணீர் சொரிய, பிள்ளைகளின் பாதமும் பூனையின் வாலும் படாவண்ணம் அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள் இல்லத்தரசி அதிய்யாத். பெண் பார்க்க வருவோர் அமரும் நாளில்தான் அது திறக்கும் என்பது அவள் ஆணை. ஊரில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஆகவே நிலைமேல் சுவர் சிறுகச் சிறுக இறங்கிக் கதவின் உச்சியில் உட்கார்ந்ததை எவரும் அறியவில்லை.

அந்த நாளும் வந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் மாப்பிள்ளை தாமிரும் ஹஜ் முடித்த அவன் தாய் ஹாஜா இன்ஸாஃபும் வருகிறார்கள். யார் இந்த இன்ஸாஃப்? முன்பு பெண் பார்க்கச் சென்ற வீட்டில் ஈரச் சுவரைப் பீரோவால் மறைத்திருப்பதை மோப்பம் பிடித்து, பலகாரத்தைத் தொடாமல் எழுந்துவந்த வீராங்கனை! கல்யாணத்துக்குப் பின் இளஞ்சோடி குடியேற வேண்டியது ஷிஹாதாவின் மாடியில்தான். வீட்டில் பழுதென்று அவர் முகம் சுளித்தால் சம்பந்தம் அங்கேயே முறியும். நஜ்லாவோ தாமிரை மனத்தில் வரித்து வெகுநாளாயிற்று. காலையில் தூசி தட்டச் சென்ற அதிய்யாத் சாவியைத் திருப்பினாள்; பூட்டுத் திறந்தது, கதவு திறக்கவில்லை.

“என்னங்க! கதவு வரமாட்டேங்குது!”

எழுந்தான் ஷிஹாதா. பனியன் இறுக்கி, பல்லைக் கடித்து, முதற்கண் வலத்தோளாலும் பின்னர் இடத்தோளாலும் மோதினான். கதவு முனகியது, முதுகும் முனகியது. கள்வர் புகாவண்ணம் தானே வடித்து நிறுத்திய அவ்வறையின் சாளரக் கம்பிகளைப் பற்றி உலுக்கினான். அவை கள்வனென்றும் உடையவனென்றும் பேதம் பார்க்கவில்லை. சோப்புத் தேய்த்தான், எண்ணெய் வார்த்தான், இறைவன் பெயரால் கெஞ்சினான், ஷைத்தான் பெயரால் ஏசினான். ஒன்றுக்கும் அசையவில்லை.

அதிய்யாத்தின் தம்பி ஃபத்ஹி வாசற்படியருகே முக்காலியில் அமர்ந்து பூசணி விதை கொறித்தபடி இப்போரைக் கண்ணுற்றான்.

“மச்சான், வீடு இறங்கியிருக்கு. தச்சனைக் கூப்பிட்டு மேல கொஞ்சம் இழைச்சு விட்டா முடிஞ்சுது.”

“வாயை மூடுடா! என் வீடாவது, இறங்குறதாவது! மரம் ஈரத்துல ஊதியிருக்கு, அவ்வளவுதான்.”

“அப்ப அந்த நாட்காட்டிக்குப் பின்னாடி என்ன மச்சான் ஊதியிருக்கு?”

அடுப்பங்கரைச் சோற்றுப் பானைபோல் கொதித்தான் வீரன். நிலைக்கு மேல், எவரும் மாட்டாத உயரத்தில் தொங்கிய அந்த நாட்காட்டியின் பின்னே மின்னற்கொடிபோல் ஒரு விரிசல் ஓடியதை அவனும் அறிவான். தச்சனை அழைத்தால் தெருவே அறியும். கடைசிவரை அவன் அழைக்கவில்லை.

அஸர் முடிந்தது. கருநிற அபாயா காற்றில் படபடக்க, கையில் பஸ்பூசா இனிப்புப் பெட்டி ஏந்தி, மைந்தன் பின்தொடர நுழைந்தார் ஹாஜா இன்ஸாஃப். நடைக்கூடத்திலேயே நின்றார்கள். நின்றார்கள், இன்னும் நின்றார்கள். “சாவி எங்கேயோ…” என்று இழுத்தாள் அதிய்யாத். “இதோ, ஒரு நொடி!” என்று முழங்கிய ஷிஹாதா, சூறாவளியெனச் சுழன்று, மதகு உடைத்த வெள்ளமெனப் பாய்ந்து, தலைமுறைப் பகையெல்லாம் தோளில் திரட்டி மோதினான். கதவு அசையவில்லை. ஆணி அசைந்தது, நாட்காட்டி ஹாஜாவின் காலடியில் தொப்பென விழுந்தது.

விரிசல் எல்லோரையும் பார்த்தது. நஜ்லா கூடத்து மூலையில் கண்கலங்கி, “வாப்பா…” என்றாள். அந்த ஒரு சொல் அவன் மார்பைத் துளைத்தது. இன்னொரு பொய் நாவின் நுனிவரை வந்துவிட்டது. மகளின் முகத்தைப் பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. பெருவாயன் தலை குனிந்தான்.

“அம்மா, மறைச்சது என் தப்பு. வீடு இறங்கிருச்சு. கதவு மாட்டிக்கிச்சு. காலையிலிருந்து மல்லுக்கட்டுறேன். உங்களை உட்கார வைக்க எனக்கு ஒரு இடமில்ல.”

ஹாஜா ஃபத்ஹியின் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, விரிசலில் நகத்தை ஓட்டினார்.

“பூச்சுதான் பிளந்திருக்கு, செங்கல் பிளக்கல. இதுக்கா இந்த ஆட்டம்? நாங்க மட்டும் பாறை மேலயா கட்டினோம்? எங்க குளியலறைக் கதவு சாத்த வராது. உள்ள போனா பாட்டுப் பாடிக்கிட்டேதான் இருக்கணும். முன்ன நான் போன அந்த வீட்டுக்காரங்க கடைசிவரைக்கும் பீரோவை நகர்த்தவே இல்ல, அதான் எழுந்து வந்தேன். டேய் தாமிர், சட்டையை மடி! தள்ளுங்க சம்பந்தி!”

சம்பந்தி! அச்சொல் கேட்டுப் பூரித்த ஷிஹாதா ஒரு தோளும், தாமிர் ஒரு தோளும், விதைப் பொட்டலத்தை வீசியெறிந்த ஃபத்ஹி ஒரு தோளும், அபாயாவை வரிந்து கட்டிய ஹாஜா இரு கைகளும் கொடுக்க, “யா அல்லாஹ்!” என்ற பேரொலி திசையெட்டும் அதிர, நிலை பிளிற, சுண்ணாம்புப் பொடி பூமாரியெனச் சொரிய, கதவு திறந்தது, இரு குடும்பமும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பொன்முலாம் நாற்காலிகளின்மேல் சரிந்தன. கிழிந்த பிளாஸ்டிக் உறைமேல் அமர்ந்தபடியே சம்பந்தம் உறுதியென ஃபாத்திஹா ஓதப்பட்டது. அதிய்யாத்தின் குலவை வாய்க்காலுக்கு அப்பாலும் கேட்டது. செந்நிறச் சர்பத் கோப்பை கோப்பையாய் ஓடியது. வென்றான் ஷிஹாதா! வீழ்ந்தது கதவரசின் கொடி! இனி அவ்வறை தன் மாட்சி குன்றாது என்றென்றும்…

கதவு அப்புறம் சாத்தவே வரவில்லை, இப்போது பூனை அங்கேதான் தூங்குகிறது.