பிரான்சுக்குப் போன பால்

உடம்பை ஓர் ஊரில் வைத்துக்கொண்டு வேறோர் ஊரில் குடித்தனம் நடத்தும் ஓர் இனம் உண்டு. இவர்கள் கப்பலேற மாட்டார்கள், பெட்டி கட்ட மாட்டார்கள். வாசகசாலையில் பதினான்கு நாள் தவணைக்கு ஒரு நாவலை எடுப்பார்கள், மூன்றாம் பக்கத்தில் ஆள் போய்விடுவார். கூப்பிட்டால் 'ம்' என்று ஒரு சத்தம் வரும். அதை நம்பாதீர்கள். விட்டுப்போன உடம்பு மரியாதைக்காகக் கொடுக்கும் சத்தம் அது. இவர்களுக்கு நாவல் குடியேறிகள் என்று பெயர் வைப்போம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் முப்பத்து நான்காம் வருஷம் இருந்த பக்கிரிசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் கையில் ஓர் ஆங்கில நாவல் அகப்பட்டது. லண்டன் சீமாட்டி ஒருத்திக்குப் பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் ஓர் ஓட்டை வீடும், திராட்சைத் தோட்டமும், தபால்காரரைத் தவிர எல்லாரையும் கடிக்கும் ஒரு வாத்தும் அத்தைவழிச் சொத்தாக வருகின்றன. ரொட்டிக் கடைக்காரர் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். மத்தியானம் மரத்தடியில் ஒயினும் பாலாடைக்கட்டியும். கதையில் யாரும் சாகவில்லை, யாரும் ஆபீசுக்குப் போகவில்லை. ஒரு கிராணிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த இனம் தான் படிப்பதை ஒப்புக்கொள்ளாது. "சும்மா, இங்கிலீஷ் விருத்தியாகும்னு பாக்கறேன்" என்பார் பக்கிரிசாமி. புத்தகத்துக்குப் பழுப்புக் காகித அட்டை போட்டு, மேலே 'விவசாயம்' என்று எழுதிவைத்திருந்தார். பாய் கடை ரொட்டியைக் கத்தியால் வெட்டக்கூடாது, கையால்தான் பிய்க்க வேண்டும் என்று வீட்டில் சட்டம் வந்தது. கிள்ளான் ஆற்றுப் பக்கம் நின்று மூச்சை இழுத்துவிட்டு, "என்ன காத்து" என்றார். அங்கே வீசியது என்ன காற்று என்று பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குத் தெரியும். சாயங்காலங்களில் அன்றைய அத்தியாயத்தை மனைவி வள்ளியம்மாவிடம் சொல்வார். அவள் மீன் பொரித்துக்கொண்டே கேட்டு, "சோறு ஆறுது, வாங்க" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய விமர்சனம்.

அந்த வருஷம் அவர்கள் மகள் ரமணிக்கு விஷக்காய்ச்சல் வந்து, இருபத்தொரு நாள் கிடந்து, பிழைத்தது. பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வள்ளியம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். விரதத்தில் மீனும் போயிற்று, கதை மட்டும் நிற்கவில்லை. தைப்பூசத்தன்று பெண்கள் குழந்தைகளோடு முதல் ஸ்பெஷல் வண்டியில் போய் ஆற்றில் குளித்துக் காத்திருப்பது. அப்போதுதான் கறந்த பாலைக் கிராணியார் இரண்டாவது வண்டியில் கொண்டுவருவது. இதுதான் ஏற்பாடு.

"பால மறந்துடாதீங்க" என்றாள் வள்ளியம்மா.

"பால மறப்பேனா?"

மறக்கவில்லை. அந்தப் பழியை அவர்மேல் போடாதீர்கள். பால் தூக்கை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பத்திரமாக வைத்து, அதன் மூடிமேல் நாவலை வைத்து, வண்டி புறப்படுமுன் புறப்பட்டுவிட்டார். கடைசி அத்தியாயங்கள். ஊர்த் திருவிழாவுக்கு வாத்தை அறுப்பதென்று முடிவாகிவிட்டது, வாத்தைக் காணோம். பக்கத்தில் தேங்காய்த் தட்டோடு உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் ஒருவரும் எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்க, திருப்பாதீங்க," என்றார் அவர். "நான் இன்னும் கொல்லைப்புறத்துலதான் இருக்கேன்."

பக்கிரிசாமி காத்திருந்தார். இனம் இனத்தை அறியும்.

வண்டி எங்கோ நின்றது. 'அரோகரா' என்று கூட்டம் இறங்கியது, மேளம் இறங்கியது, காவடிகள் இறங்கின. பெட்டி காலியானதும் இருவரும் காலை நீட்டிக்கொண்டார்கள். நாட்டுப்புறத்தின் அமைதி என்று நாவலில் போட்டிருந்தது இதுதான் என்று பக்கிரிசாமிக்குப் பட்டது. வண்டி மறுபடி நகர்ந்தது. அவர் தலை நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே திராட்சைத் தோட்டம் இல்லை, பத்துமலையும் இல்லை. ஏறிய அதே கோலாலம்பூர் ஸ்டேஷன் நின்றது.

டிக்கெட் பரிசோதகர் சின்னையா உள்ளே தலையை நீட்டினார். "என்னா கிராணியாரே, அதுக்குள்ள சாமி கும்பிட்டாச்சா? பாலு கையிலயே இருக்கு?"

அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம். பக்கிரிசாமி படிக்கவில்லை. புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தூக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். பட்டினியோடு ஆற்றங்கரையில் நிற்பவளை நினைக்க நினைக்க அவருக்கு அழுகை வந்தது. பிழைத்து எழுந்த பிள்ளைக்கான பால் அது.

அவர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வள்ளியம்மாவின் ஈரச்சேலை காய்ந்திருந்தது. தூக்கைத் திறந்தார், பால் திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது. பிரான்சில் அதற்கு நல்ல மரியாதை உண்டு. பத்துமலையில் இல்லை.

பக்கத்து வீட்டு சீதாலெட்சுமிதான் பேசினாள். "விடுங்கண்ணே. ஆளுக்கு ஒரு கரண்டி எங்க குடத்துலருந்து ஊத்தினோம். அக்கா கொடம் ரொம்பிருச்சி. உங்களுக்காகத்தான் ஏறாம நின்னுச்சி."

வள்ளியம்மா குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினாள். ரமணியைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கிரிசாமி பின்னால் ஏறினார். படிக்குப் படி தன்னையே திட்டிக்கொண்டார். பால் அபிஷேகமாயிற்று. இறங்கி ஒரு மரத்தடிக்கு வந்ததும் அவள் திரும்பினாள்.

"புஸ்தகம் எங்க?"

அவர் இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார். "இனிமே தொடமாட்டேன் வள்ளி."

"அது கெடக்கட்டும். அந்த வாத்த அறுத்துட்டாங்களா, இல்லியா?"

பக்கிரிசாமி விழித்தார். "தெரியாது. இன்னும் நாலு பக்கம் இருக்கு."

"அப்ப என் பால் கெட்டதுக்கு என்னா பிரயோசனம்? உக்காந்து படிங்க."

உட்கார்ந்தார். வரிக்கு வரி தமிழில் சொன்னார். சீதாலெட்சுமி உட்கார்ந்தாள், கரண்டிப் பால் ஊற்றியவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள், தேங்காய்த் தட்டோடு கண்ணாடிக்காரரும் வந்து உட்கார்ந்தார். வாத்து பிழைத்தது. ரொட்டிக் கடைக்காரர் அடுப்பில் ஒளித்துவைத்திருந்தார், அடுப்பு பற்றவைக்காத அடுப்பு. எல்லாரும் நிம்மதியாக எழுந்து பார்த்தால் திரும்பிப்போகும் வண்டி ஊதிவிட்டுப் போயிருந்தது. ஒருவர் காதிலும் விழவில்லை.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கோலாலம்பூர் போய்த் திரும்பிய அந்தத் தேங்காய்த் தட்டு எங்கள் வீட்டுத் தட்டு. வீட்டம்மா இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறாள். இதை எழுதும்போதும் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் 'ம்' என்கிறேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்காரும்போது, அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் யாரோ சொல்லிவிட்டுப் போனார்களே, அது எவ்வளவு நேரத்துக்கு முன்னால்?