பழைய தட்டு ஒழியுமா? ஆம் எனில் எப்போது?

மக்கள் வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பதும் அரசின் அக்கறைக்கு உட்பட்டதே என்பதால், ஒளித்தட்டுத் துறை என்று ஒரு துறை இருந்தது. துறைக்கு மூன்றாவது மாடியில் இடமும், இடத்துக்கு ஒரு இயக்குநரும், இயக்குநருக்குத் திட்டுவதற்கு ஒரு கண்காணிப்பாளரும் இருந்தார்கள்.

கண்காணிப்பாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. அலுவலகத்தில் அவர் 'இருந்தாலும்' சார். கோப்பில் "அனுமதிக்கலாம், இருந்தாலும்" என்று ஆரம்பித்தால் அடுத்த பத்தியிலேயே "அனுமதிக்க இயலாது, இருந்தாலும்" என்பார். பிற்பாடு எது சரியென்று தெரிகிறதோ அதைத்தான் தாம் சொன்னதாக எடுத்துக் காட்டுவார். இந்த ஒரு திறமையால் அவர் பேரில் இதுநாள்வரை சின்னப் புகார்கூட வந்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு சோதனைக் காலம் வந்தது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவருடைய மகன், டிவிடியெல்லாம் பழசு, இனிமேல் ப்ளூரேதான் என்று வீட்டில் அடம்பிடித்திருக்கிறான். மகனுக்குப் பதில் சொல்லத் தெரியாத உறுப்பினர் அதைச் சபையில் கேள்வியாகப் போட்டுவிட்டார். 'பழைய வகை ஒளித்தட்டைப் புதிய வகை ஒளித்தட்டு ஒழித்துவிடுமா? ஆம் எனில் எப்போது? இல்லை எனில் ஏன் இல்லை?'

இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன பதில் எழுதப் போறீங்க?"

"ஒழிச்சிடும்னு எழுதலாம் சார். இருந்தாலும்..."

"எழுதினா? 'சாலையைக் கடப்பது எப்படி'ன்னு டிவிடி போட்டுக் கிடங்குல கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருக்கோமே, ஒழியப்போறதை எதுக்கு வாங்கினேன்னு கணக்குத் தணிக்கைக்காரங்க கேப்பாங்க."

"அப்ப ஒழிக்காதுன்னு எழுதிடலாம் சார்."

"கிளை அலுவலகத்துக்கெல்லாம் ப்ளூரே பெட்டி வாங்கி அனுப்பினேனே, அது எதுக்குன்னு அதே தணிக்கைக்காரங்க கேப்பாங்க."

"ரெண்டுலயும் சிக்கல்தான் சார்."

"ஒருத்தர் மாட்டித்தான் ஆகணும். எழுதினவர் மாட்டறதுதானே நியாயம்?"

துறைக்கு ஊருக்கு வெளியே 'உடைந்த தட்டுகள் பிரிவு' என்று ஒன்று உண்டு. அங்கே மாற்றலாகிப் போனவர்கள் ஓய்வு பெற்றுத்தான் வெளியே வந்திருக்கிறார்கள். இயக்குநர் ஜன்னல் வழியாக அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

அன்று சாயங்காலம் நேரே மச்சான் கடைக்குப் போனார். மனைவியின் தம்பி கடைத்தெருவில் தட்டுக் கடை வைத்திருந்தான். கடையின் இடது கண்ணாடியில் 'டிவிடி: வாங்க இதுவே கடைசி வாய்ப்பு' என்றும், வலது கண்ணாடியில் 'டிவிடிக்கு அழிவே இல்லை' என்றும் எழுதியிருந்தது.

"உண்மையைச் சொல்லுடா. புதுசு பழசை ஒழிச்சிடுமா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது மாமா. புதுசு கேட்டு வர்றவங்ககிட்ட பழசு செத்துப்போச்சுங்கறேன். பழசு கேட்டு வர்றவங்ககிட்ட புதுசு நிலைக்காதுங்கறேன். ரெண்டு பேருமே 'நானும் அதான் நினைச்சேன்'னு வாங்கிட்டுப் போறாங்க."

"நீயெல்லாம் எங்க துறையில இருக்க வேண்டியவன்."

கடைசியில் நேரடியாகப் பார்த்தே முடிவு செய்வது என்று இயக்குநர் ஆணையிட்டார். கூட்ட அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அலுவலகத் தொலைக்காட்சியைத் துடைத்து வைத்தார்கள். மச்சானை நிபுணர் என்ற தகுதியில் அழைத்தார்கள். அவனும் இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தான். 'சாலையைக் கடப்பது எப்படி' முதலில் டிவிடியில் ஓடியது. ஒரு ஆள் நின்றான், இரு பக்கமும் பார்த்தான், கடந்தான்.

"மங்கல்" என்றார் இயக்குநர்.

அடுத்தது ப்ளூரே. மச்சான் பெட்டிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் குனிந்து என்னவோ செய்துவிட்டு நிமிர்ந்தான். மறுபடி ஒரு ஆள் நின்றான், இரு பக்கமும் பார்த்தான், கடந்தான்.

இயக்குநர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அடடா! அவனுக்கு மீசை இருக்கே! முன்னாடி இருந்துதா?"

"இல்லவே இல்ல சார்" என்றார் துணை இயக்குநர்.

"பின்னால ஒரு மரம் நிக்குது சார்" என்றார் கணக்கர்.

"இலை அசையறதுகூடத் தெரியுதுய்யா!"

கூட்டம் முடிந்ததும் மச்சான் இருந்தாலும் சாரைப் படிக்கட்டு ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"மாமா, தப்பு நடந்துபோச்சு. ப்ளூரே பெட்டியோட கம்பி உங்க டிவியில சேரவே மாட்டேங்குது. வேற வழி தெரியாம அதே டிவிடியைத்தான் ரெண்டாவது தடவையும் ஓட்டினேன். வெளிய தெரிஞ்சா உங்க வேலைக்கு ஏதும் ஆகுமா?"

இருந்தாலும் சார் சுவரில் சாய்ந்தார். கோபம் வரும் என்றுதான் மச்சான் எதிர்பார்த்தான். ஆனால் அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

மறுநாள் பதில் தயாராகிவிட்டது. 'பழைய வகைத் தட்டைப் புதிய வகைத் தட்டு ஒழிக்காது. பழைய வகைத் தட்டே, உரிய ஒட்டுவில்லை ஒட்டப்பட்ட நாள் முதல், புதிய வகைத் தட்டாகக் கருதப்பட்டு, புதிய வகைப் பெட்டியில் ஓட்டப்படும். எனவே, எப்போது, ஏன் இல்லை என்ற வினாக்கள் எழவில்லை.'

இயக்குநர் இரண்டு தடவை படித்தார். கிடங்குத் தட்டும் தப்பித்தது, கிளை அலுவலகப் பெட்டியும் தப்பித்தது.

"ஸ்டிக்கர் ஒட்டினா படம் தெளிவாயிடுமா?"

"ஆகாதுன்னு யாராவது எழுத்துல குடுக்கட்டும் சார்."

யாரும் எழுத்தில் கொடுக்கவில்லை. பச்சை நிறத்தில் வட்டமாக, 'புதுப்பிக்கப்பட்டது' என்று அச்சடித்த ஒட்டுவில்லைகள் வந்திறங்கின. கிடங்குத் தட்டுகளுக்கு ஒட்டி முடிப்பதற்குள் சேதி வெளியே பரவிவிட்டது. அரசாங்கத் தட்டுக்கு மட்டும்தானா, வரி கட்டுகிற எங்கள் தட்டுக்கு இல்லையா என்று ஜனங்கள் கேட்டார்கள். தரைத்தளத்தில் ஒரு கவுன்டர் திறக்க வேண்டியதாயிற்று.

ஒட்டிக்கொண்டு போனவர்கள் மறுபடி வந்து நன்றி சொன்னார்கள். படம் மட்டுமல்ல, சத்தமும் துல்லியமாகிவிட்டது என்றார் ஒருவர். கீறல் விழுந்து நின்றுபோகிற இடத்தில் இப்போது அழகாக நிற்கிறது என்றார் இன்னொருவர். ஒரு பெரியவர் தம் மூக்குக் கண்ணாடிக்கும் ஒன்று கேட்டார். விதியில் இடமில்லை என்று பணிவுடன் மறுத்துவிட்டார்கள். பச்சை வட்டம் இல்லாத தட்டை வெளியே எடுக்கவே கூச்சப்படுகிற அளவுக்கு ஊர் நாகரிகமடைந்தது. மச்சான் இரண்டு கண்ணாடியையும் துடைத்துவிட்டு, 'இங்கே பச்சை வட்டத் தட்டுகள் கிடைக்கும்' என்று எழுதிவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இருந்தாலும் சார் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். மச்சான் கடையிலிருந்து புதுப் பெட்டி கொண்டுவந்திருந்தான். எதிர்வீட்டு அக்கா வந்திருந்தாள். தணிக்கைத் துறையில் வேலை பார்க்கும் அவள் கணவரும் கூடவே வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம கல்யாண டிவிடிக்கு ஒட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்றாள் மனைவி, அவரைப் பெருமையாகப் பார்த்து. "உங்ககிட்ட குடுத்தா சிபாரிசுன்னு பேச்சு வரும். அதான் நானே வரிசையில நின்னேன்."

படம் ஓடியது. மண்டபம் வந்தது, மாலையோடு இருவரும் வந்தார்கள். விருந்தாளிகள் வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள். பெண்ணின் பக்கம் திரும்பி மாப்பிள்ளை வாய் நிறையச் சிரிக்கும் இடம் வந்தது. அந்தச் சிரிப்பைப் பற்றி மனைவி பல வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறாள்.

"நிறுத்துடா" என்றாள் தம்பியிடம்.

திரையில் மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார்.

"இது சிரிப்பு இல்ல."

"பின்ன என்னம்மா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"கொட்டாவி."

எதிர்வீட்டு அக்கா எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். "அட ஆமாம்! கண்ணோரத்துல தண்ணிகூட வந்திருக்கு."

"பழைய தட்டுல இதெல்லாம் எங்க தெரியும்?" என்றார் தணிக்கைக்காரர். "நல்ல ஏற்பாடு சார் உங்களது. ஆமா, ஒட்டினதும் படம் மாறத்தானே செய்யுது?"

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். இருந்தாலும் சார் மனசுக்குள் கணக்குப் போட்டார். படம் எப்போதும்போலத்தான் இருக்கிறது என்றால் குடும்பம் பிழைக்கும், துறை போய்விடும். மாறிவிட்டது என்றால் துறை பிழைக்கும்.

"சொல்லுங்க" என்றாள் மனைவி. "என் பக்கத்துல உக்காந்து, அன்னைக்கு, நீங்க செஞ்சது சிரிப்பா, கொட்டாவியா?"

"கொட்டாவி" என்றார் அவர்.

இதில் கொடுமை என்னவென்றால், எத்தனை தடவை உற்றுப் பார்த்தும் இப்போது அவருக்கே அது கொட்டாவியாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை அவர் அலுவலகத்துக்குப் போனபோது வரிசை கவுன்டரிலிருந்து கிளம்பி, வாசலைத் தாண்டி, தெருமுனை திரும்பியிருந்தது. எதிர்வீட்டு அக்காவுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் அவரவர் கல்யாணத் தட்டு.

மூன்றாவது மாடியில் இயக்குநர் கதவைச் சாத்திவிட்டு உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"ஸ்டிக்கர் தீர்ந்துபோச்சுன்னு உடனே ஒரு பலகை மாட்டுங்க!"

"மாட்டிடறேன் சார்" என்றார் இருந்தாலும் சார். "உங்க வீட்டம்மாதான் இன்னைக்கு முதல் ஆள். ஒட்டி வாங்கிக்கிட்டு இப்பதான் வீட்டுக்குப் போறாங்க."