ஒரு குறையுமில்லாத அருந்ததி ரீச்சர்

"உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு சொல்லுறீங்களே ரீச்சர், அதுதான் எனக்குப் பிரச்சினை," என்றார் மயில்வாகனம்.

அருந்ததி ரீச்சர் தேநீரை அவர் பக்கம் தள்ளினாள். "குடியுங்கோ சேர், ஆறப்போகுது."

கிளிநொச்சியிலிருந்து போரால் இடம்பெயர்ந்து, மல்லாவிப் பக்கம் தென்னோலைக் கிடுகுக் கொட்டில்களில் நடந்த பள்ளிக்கூடம் அது. பிள்ளைகளின் மனக்குறை கேட்கும் பொறுப்பு அருந்ததிக்கு. அப்படிக் கேட்கும் ஆசிரியர்களின் மனக்குறையைக் கேட்பதற்கென்று ஒரு தொண்டு நிறுவனம் மாதம் ஒருமுறை மயில்வாகனத்தைச் சைக்கிளில் அனுப்பியது. எங்கள் பக்கத்தில் வெளியார் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து கேள்வி கேட்டால் அவர் பரிசோதகர்தான். வளவைக் கூட்டி, பத்திரப்படுத்திய சீனியில் தேநீர் போட்டு, ஒரு குறையுமில்லை என்று சொல்லி அனுப்பிவைப்பது வழக்கம். அருந்ததியும் அதைத்தான் செய்தாள்.

அதிபர் தவராசா அவளைத் தனியே கூப்பிட்டார். "ஏன் இந்த மனுசன் திரும்பத் திரும்ப வருது? ஒரு சின்னக் குறையைச் சொல்லி ஆளை அனுப்பிவிடுங்கோ ரீச்சர்."

அடுத்த மாதம் நித்திரை வருவதில்லை என்றாள். ஏன் என்று கேட்டார். நுளம்புக்கடி என்றாள். அதற்கடுத்த முறை அவர் சைக்கிள் கரியரில் ஒரு நுளம்பு வலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

அதைக் கண்டதும் அதிபரின் புத்தி வேறு பக்கம் ஓடியது. "கூரை ஒழுகுறதாலயும் நித்திரை வரேல்லை எண்டு சொல்லுங்கோ. கிடுகு தருவினம்."

சொன்னாள். பிள்ளைகள் நனைவதை நினைத்தால் சாப்பாடும் இறங்குவதில்லை என்று தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்தாள். கிடுகு வரவில்லை.

"நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. இனி நீங்கள் ஆருடைய கவலையையும் கேக்கக் கூடாது. ஒரு பள்ளிக்கூடத் தவணைக்கு இந்தப் பொறுப்பை வேற ஆளிட்டைக் குடுப்பம்," என்றார் மயில்வாகனம்.

அருந்ததி இதை எதிர்பார்க்கவில்லை. விட்டுவந்த சாமான்களை எடுக்கக் கிளிநொச்சிக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று சொல்லவும் ஆளில்லை. அந்த நினைப்பு வராத நேரம் பள்ளிக்கூட இடைவேளை ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை வந்து தன் கவலையைச் சொல்லும். ஆடு தின்னுதில்லை என்று ஒன்று, கொப்பி கிழிந்துபோச்சு என்று இன்னொன்று. பெரிய துக்கந்தான் இப்படிச் சின்னதாக வெளியே வருகிறது என்று அவள் பொறுமையாகக் கேட்பாள். அதுவும் போய்விட்டால் அவள் எங்கே போவாள்?

"சேர், நான் சொன்னதெல்லாம் பொய். நுளம்பும் பொய், கூரையும் பொய்."

மயில்வாகனத்தின் முகம் இன்னும் வாடியது. "பொய் சொல்லித் தப்பவேண்டிய நிலைக்கு வந்திட்டீங்கள். ஒரு தவணை காணாது ரீச்சர். ரெண்டு தவணை ஓய்வெடுங்கோ."

"எனக்காகக் கேக்கேல்லை சேர். நான் இல்லாட்டி இந்தப் பிள்ளையள் ஆரிட்டைப் போய்ச் சொல்லுவினம்? நீங்களே கேட்டுப் பாருங்கோ!"

இடைவேளை மணி அடித்திருந்தது. கொட்டில் வாசலில் ஏழாம் வகுப்புத் தேனுகா நின்றாள். மயில்வாகனம் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"பயப்பிடாதை பிள்ளை. ரீச்சர் கொஞ்ச நாளைக்கு இந்த வேலை பாக்கமாட்டா. உங்கட கவலையளை வேற ரீச்சரிட்டைச் சொல்லுவீங்களோ?"

தேனுகா அருந்ததியைப் பார்த்தாள். சிறுமிக்கு அழுகை வந்துவிட்டது.

"வேற ரீச்சரிட்டை ஏன் சேர் சொல்லவேணும்? இந்த ரீச்சர்தான் முந்தி இடைவேளையில தனிய இருந்து அழுறவா. அதாலதான் நாங்கள் முறை வைச்சு, ஆளுக்கொரு கவலை யோசிச்சுக்கொண்டு வாறனாங்கள்."