ஆணியைச் சுத்துங்க

ஆணியில் ஒரு குண்டூசிகூட ஒட்டவில்லை.

அறிவியல் டீச்சர் ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தார். கடைசி பெஞ்சில் கண்ணாடி போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு ஒருத்தர் உங்க வகுப்பைப் பார்க்க வருவார். உங்க வேலை அவர் கையிலதான் இருக்கு" என்று தலைமையாசிரியை காலையிலேயே குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். ஆய்வாளர் என்றால் சும்மாவா? டீச்சருடையது தற்காலிக வேலை. இன்றோடு நிரந்தரமாகலாம், இன்றோடு போயும் விடலாம்.

"மின்காந்தம்னீங்க, இது வெறும் ஆணியாவே இருக்கே டீச்சர்?" என்றான் முதல் பெஞ்ச் வாயாடி.

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. செம்புக் கம்பியின் மேல்பூச்சைச் சுரண்டச் சொல்லவே இல்லை. பிறகு மின்சாரம் எப்படிப் பாயும்?

"கம்பியைச் சுரண்டுங்க! நல்லா சுரண்டுங்க!"

இரண்டு முனைகளை மட்டும் என்று சொல்ல, பதற்றத்தில் விட்டுப்போனது. பிள்ளைகள் உப்புத்தாளை எடுத்து முழுக் கம்பியையும் பளபளவென்று சுரண்டித் தள்ளி, ஆணியில் சுற்றிப் பேட்டரியில் மாட்டினார்கள்.

"டீச்சர், பேட்டரி கொதிக்குது!"

"கழட்டு, கழட்டு! கையைச் சுட்டுக்காதே!"

கடைசி பெஞ்ச்காரர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். டீச்சர் அவசர அவசரமாகப் புதுக் கம்பி கொடுத்தார்.

"முனையை மட்டும் சுரண்டுங்க. அப்புறம் ஆணியைச் சுத்துங்க, சீக்கிரம்! நிறைய சுத்து சுத்தினாதான் காந்தம் பலமா இருக்கும்."

வகுப்பில் ரெட்டைவால் என்று பேர் வாங்கிய பெண், கடைசி பெஞ்சின் இடுக்கில் ஆணியைச் செருகினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சையே சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்தாள்.

"அடியே, என்னடி பண்றே?"

"நீங்கதானே டீச்சர் ஆணியைச் சுத்தச் சொன்னீங்க!"

அதற்குள் பெஞ்சோடு சேர்த்து அந்த மனிதரும் கட்டுண்டிருந்தார். டீச்சர் அலறியடித்துக்கொண்டு ஓடியதில் கையிலிருந்த டப்பா கவிழ்ந்து, பெஞ்செல்லாம் குண்டூசி. கம்பியை விலக்கிப் பாதி எழுந்தவர் கால் தடுக்கித் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தார்.

"டீச்சர், குண்டூசி ஒட்டிடுச்சு!" என்று வாயாடி கைதட்டினான்.

அவர் விறுவிறுவென்று வெளியே நடந்தார். நேரே தலைமையாசிரியை அறையை நோக்கி. டீச்சர் கண்ணீரும் கம்பலையுமாகப் பின்னால் ஓடினார்.

"சார், கொஞ்சம் பொறுங்க சார்! ஆய்வாளர் நீங்களே கைவிட்டா எனக்கு வேற கதியில்ல!"

அவர் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே திரும்பினார்.

"ஆய்வாளரா? நாளையிலேருந்து உங்களுக்குப் பதிலா என்னைப் போட்டிருக்காங்கம்மா. ஆளை விடுங்க, அந்த டீச்சரையே வச்சுக்குங்கன்னு சொல்லத்தான் போயிட்டிருக்கேன்!"