நூலகர் வீட்டு சவுண்ட்பார்

புது சவுண்ட்பாரிலிருந்து சத்தம் வரவில்லை. நூலகர் அதன் மேல் காதை வைத்துப் பார்த்தார். ஊஹூம்.

“ப்ளூடூத்துல கனெக்ட் ஆயிடுச்சுன்னுதான் கம்ப்யூட்டர் காட்டுது,” என்றார்.

“காட்டி என்ன பிரயோஜனம்? மணி நாலாச்சு. ஆறு மணிக்கு அவர் கிளம்பிடுவார்,” என்றாள் மனைவி.

அவர் என்றால் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர். மகள் வீட்டுக்குப் போகிறார், திரும்பி வர இரண்டு மாதம் ஆகும். மாடியில் நூலகரின் படுக்கையறைக் கூரையோ நாலு மாதமாக ஒழுகுகிறது. கட்டிலின் நடுவில் வாளி, ஆளுக்கொரு ஓரமாகப் படுக்கை. இன்றைக்கு வீட்டுக்காரரிடம் பேசாவிட்டால், தான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகவும், நூலகர் வாளியோடு குடும்பம் நடத்தலாம் என்றும் மனைவி சொல்லியாகிவிட்டது.

நூலகருக்குப் பேச வராது என்றில்லை, வீட்டுக்காரர் முன்னால் வராது. இருபது வருடமாக ‘உஷ்’ என்பதைத் தாண்டாத குரல் அது. போன வாரம் ஒழுகலைப் பற்றிப் பேசப் போனவர், ஏசிக்காகக் கதவு ஜன்னலெல்லாம் அடைத்த ஹாலில் இருந்த வீட்டுக்காரரின் சவுண்ட்பாரைப் பாராட்டிவிட்டு, கடை விலாசத்தைக் கேட்டுக்கொண்டு, அதே மாதிரி ஒன்றை வாங்கி வந்து நின்றார். அதற்குக் காரணமும் கைவசம் இருந்தது. பேச வேண்டியதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து கணீரென்று போட்டுக் கேட்டால் தைரியம் வருமாம்.

“ஆப்டிகல் கேபிள் இருக்கு, மாட்டிடலாம்,” என்று அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தார்.

கேபிள் கம்ப்யூட்டரின் பின்னால் நுழைய மறுத்தது. திருப்பினார், அழுத்தினார், அதட்டியும் பார்த்தார்.

“முனையில பிளாஸ்டிக் தொப்பி இருக்கு. அதைக் கழட்டுங்க முதல்ல!”

கழற்றியதும் ‘டக்’ என்று உட்கார்ந்தது. மறுமுனையில் குண்டூசித் தலையளவு சிவப்பு வெளிச்சம். நூலகர் அதைத் தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார்.

“இதுக்குள்ளதான் சத்தம் போகுமாம்!”

“வெளிச்சம் எப்படிங்க சத்தமாகும்?” என்று அவளும் குனிந்தாள். அவள் உள்ளங்கையிலும் அடித்துக் காட்டினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாளியை மறந்தே போனார்கள்.

மறுமுனையை சவுண்ட்பாரில் செருகி, ரிமோட்டில் ‘ஆப்டிகல்’ என்று வைத்தாயிற்று. சத்தம் எதன் வழியாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. பட்டியலில் இரண்டே பெயர்கள். ஒன்று ‘டிஜிட்டல் அவுட்புட்’. இன்னொன்று சவுண்ட்பார் கம்பெனியின் பெயர்.

“டிஜிட்டலாம், யாருக்குத் தெரியும் அதெல்லாம்? இதோ, நம்ம சவுண்ட்பார் பேரே இருக்கு,” என்று பெயரைத் தட்டினார்.

‘ஐயா, கூரை லேசா ஒழுகுதுங்க’ என்ற பதிவைப் போட்டார். சவுண்ட்பார் வாயே திறக்கவில்லை.

“நீங்க பேசினது அதுக்கே கேட்டிருக்காது. ‘லேசா’வாம்! உரக்கப் பேசுங்க.”

நூலகர் மைக்கை வாய்க்கு நேரே இழுத்தார். “ஐயா! நாலு மாசமா வாளி வச்சுப் படுக்கிறோம்! நீங்க படுப்பீங்களா?”

போட்டார். நிசப்தம். கீழே வீட்டுக்காரர் சமையலறையில் கொத்தனார் டைல்ஸ் தட்டும் சத்தம்தான் கேட்டது.

“இன்னும் உரக்க! இந்த மனுஷன் சமையலறைக்கு டைல்ஸ் ஒட்டுறார், நமக்கு ஒரு கை சிமெண்ட் இல்லையா?”

“அதையும் சொல்லவா?”

“சொல்லுங்க!”

வீட்டுக்காரர் எதிரில் இல்லாத தைரியத்தில் நூலகர் எழுந்து நின்றே முழங்கினார். “வாடகைக்கு மட்டும் ஒண்ணாந்தேதி படியேறத் தெரியுதே, ஒழுகுறதைப் பார்க்க மட்டும் முட்டி வலிக்குதா? கல்நெஞ்சக்காரரே! உங்களைக் கட்டிக்கிட்டு அந்த அம்மா எப்படித்தான் காலம் தள்ளுறாங்களோ!”

மனைவி வாய் பிளந்து நின்றாள். நூலகர் வால்யூமை உச்சிக்கு ஏற்றிவிட்டு அந்தப் பதிவைப் போட்டார். நிசப்தம். மறுபடி போட்டார். கீழே டைல்ஸ் தட்டும் சத்தமும் நின்றது.

“நல்லவேளை, அதுவாவது நின்னுச்சு. இப்ப சின்னச் சத்தம்னாலும் கேட்கும்,” என்று மூன்றாவது முறையும் போட்டார்.

மணி ஐந்தரை. மனைவி போய்த் துணிப்பெட்டியை எடுத்து வந்து கதவருகே வைத்தாள். நூலகர் ரிமோட்டை வைத்துவிட்டு ஓடினார்.

“போகாதே. இப்பவே கீழ போய் நேர்லயே கேட்டுடறேன்,” என்று கதவைத் திறந்தார்.

வாசலில் சிமெண்ட் சட்டியோடு கொத்தனார் நின்றிருந்தார்.

“ஒழுகுற இடத்தைக் காட்டுங்க சார், இன்னைக்கே அடைக்கச் சொல்லிட்டார். ஆனா இனிமே எதுன்னாலும் நேர்ல வந்து திட்டணுமாம். ப்ளூடூத் வழியா அவர் வீட்டு சவுண்ட்பார்லயே அவரைத் திட்டினா, அந்த அம்மா இன்னொரு தடவை போடச் சொல்லிக் கை தட்டுறாங்களாம்.”