ஆமைக்குத்தான் வாங்கினேன்

புத்திசாலித்தனமாக ஒரு பொய் சொல்லிவிட்டோம் என்று மனிதன் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிற நிமிடத்தில்தான் அவனுக்குச் சனி பிடிக்கிறது. எனக்கு அது ஆமை உருவத்தில் வந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் நான் டிரெய்னி. என் வேலை நிரந்தரமாவது மேனேஜர் கையில் இருந்தது. அவர் மேசைமேல் கண்ணாடித் தொட்டியில், வாஸ்துவுக்காக ஓர் ஆமை வளர்த்தார். ஆடி மாதம் அவர் குடும்பத்தோடு சிங்கப்பூர் கிளம்பியபோது, "நான் பார்த்துக்கறேன் சார்" என்று முதலில் கையைத் தூக்கியவன் நான்தான் (வேறு யாருமே தூக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்).

"ஒரே அயிட்டத்தைப் போட்டுக்கினே இருக்காதப்பா. கீரை, கேரட்டு, நடுநடுவுல காஞ்ச எறா, எல்லாம் மாத்தி மாத்திப் போடணும். இல்லன்னா ஓடு மெத்துன்னு ஆயிடும். ஓடு மெத்துன்னு ஆச்சு, உன் கன்ஃபர்மேஷனும் மெத்துன்னு ஆயிடும், பார்த்துக்க" என்றார். என் வீட்டில் எனக்கே இத்தனை வகைச் சாப்பாடு கிடையாது.

மூடி போட்ட பக்கெட்டில் வைத்து, மின்சார ரயிலில் மீஞ்சூருக்குக் கொண்டுவந்தேன். வாசலிலேயே அம்மா மறித்தாள்.

"இன்னாடா அது? ஆமையா? ஊட்டுக்குள்ள ஆமையக் கொண்டாந்தா..."

எல்லாத் தமிழ்த் தாய்மார்களுக்கும் தெரிந்த அந்தப் பழமொழியை அவள் எடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா, இது கூர்மாவதாரம்மா! சாட்சாத் பெருமாள்! கம்பெனியில வெச்சு கும்புடறாங்க!"

மறுநாள் காலை எழுந்து பார்த்தால், பெருமாள் பித்தளை அண்டாவில் இருந்தார். ஓட்டின்மேல் மஞ்சள், குங்குமம். எதிரில் துளசியும் சர்க்கரைப் பொங்கலும்.

"இதுக்கு எறா போடணும்மா" என்றேன்.

"வாயிலயே போடுவேன் ஒண்ணு! பெரியபாளையத்தம்மாவுக்கு நான் விரதம் இருக்கறேன். பெருமாளுக்குக் கவுச்சி போடுவியா? எறா கிறான்னு இந்த ஊட்ல பேச்சு வந்துது, அவ்ளோதான்!"

ஆமை பொங்கலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. துளசியை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது. யாரும் இல்லாதபோது ஓட்டை அமுக்கி அமுக்கிப் பார்ப்பேன். வேலை போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன். கடைசியில் சந்தையில் இறால் கருவாடு வாங்கி, காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அம்மா குளிக்கப் போகும் நேரம் ஆமைக்கு அசைவம். மற்ற வேளையில் கீரை, கேரட். ஆமை தேறியது. வீட்டில் ஏதோ வாடை வருகிறதென்று அம்மா சாம்பிராணியைக் கூட்டினாள்.

பெரியபாளையம் போகிற ஞாயிற்றுக்கிழமை. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள், வாசலில் வேன் நின்றது. "கெளம்பறதுக்கு முன்னால எல்லாரும் பெருமாளைச் சேவிச்சுக்குங்க" என்ற அம்மா, முதல் ஆளாக என்னைத்தான் விழச் சொன்னாள். குனிந்தேன். பையிலிருந்த பொட்டலம் பிரிந்து, இறால் பொலபொலவென்று ஆமையின் முதுகில் அர்ச்சனையாக விழுந்தது.

பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"விரத ஊட்ல கருவாடு துன்னுக்கினு திரியிறியாடா, பாவி!" என்று அம்மா அலறினாள்.

"ஐயோ, எனக்கில்லம்மா! ஆமைக்குத்தான் வாங்கினேன்! வேணும்னா பாரு, இப்பத் துன்னும்!"

ஓர் இறாலை எடுத்து அதன் மூக்கருகே ஆட்டினேன். அத்தனை கூட்டத்தைக் கண்டு மிரண்ட ஆமை, தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்கிருந்த ஒரே சாட்சி அதுதான்.

"தான் துன்னுட்டு சாமி மேல பழி போடுது பாரு" என்றார் பெரியப்பா.

என்னையும் அண்டாவையும் பின்பக்கம் தள்ளிவிட்டு வீட்டைக் கழுவினார்கள். எல்லோரும் மறுபடி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நான் இல்லாமலே வேனில் ஏறினார்கள். வேன் தெருமுனை திரும்பியதும் ஆமை மெதுவாகத் தலையை நீட்டி, அண்டாவில் கிடந்த இறாலை ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தது.

மேனேஜர் திரும்பி வந்து ஓட்டைத் தட்டிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தைக் காட்டி, "இன்னாப்பா இது, செவப்பா?" என்றார்.

"இரும்புச்சத்து சார்" என்றேன்.

வேலை நிரந்தரமானது. கெட்ட பெயரும்தான். ஆடி பிறந்தால் இன்றும் எங்கள் வீட்டில் சட்டைப்பை சோதனை உண்டு. அம்மா ஆரம்பித்ததை இப்போது என் மனைவி நடத்துகிறாள். மற்ற மாதங்களில், மீன் குழம்பில் இரண்டாவது துண்டுக்கு நான் தட்டை நீட்டினால், என் மகள் நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறாள்:

"ஆமைக்காப்பா?"